கும்மிடிப்பூண்டி ரெயிலில் ‘நம்மாளு’ யார்?

மாலை ஆறரை மணி. சென்னை மூர்மார்க்கெட் வளாக ஸ்டேஷன். கும்மிடிப்பூண்டி மின்சார ரெயில் வந்து நிற்கிறது. நிற்பதற்குள் பாதிப் பெட்டி நிறைந்து விடுகிறது!

பாரிமுனை ஆபீஸ் குமாஸ்தா ஜன்னல் ஓரம் பிடித்து விட்டார். சவுகார்பேட்டை கடை ஊழியர் மேலே பையைச் செருகுகிறார். காலிக் கூடையுடன் மீன்காரப் பெண்கள். கழுத்தில் அட்டை தொங்கும் கம்பெனிப் பையன்கள். வாசல் ஓரம் தரையில் குந்தியபடி நாலைந்து இந்திக்காரர்கள், முதுகுப் பையை மடியில் வைத்துக் கொண்டு. சட்டை எல்லாம் பெயிண்டு தெறித்த ஒருவர் கம்பியைப் பிடித்து நிற்கிறார். அவருடைய போன் அடிக்கிறது.

“ஓம்... ஓம்... வெளிக்கிட்டன். பொடியன் சாப்பிட்டவனே?”

குமாஸ்தா நிமிர்ந்து பார்க்கிறார். “நீங்க மலையாளமா சார்?”

இந்த லைனில் அடிக்கடி கேட்கிற கேள்விதான். பெயிண்டருக்கும் பழகிப் போன கேள்வி. “இல்லை அண்ணே, தமிழ்தான்” என்பார். கும்மிடிப்பூண்டி முகாம் என்று சேர்த்துச் சொல்வதும் உண்டு, சொல்லாமல் விடுவதும் உண்டு.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வாசலில் குந்தியிருக்கிற இந்திக்காரர், அரசாங்கக் காகிதப்படி இந்தியக் குடிமகன். ரெயிலில் அவருக்குப் பெயர் ‘வடக்கன்’. கம்பியைப் பிடித்து நிற்கிற பெயிண்டர் பேசுவது தமிழ். பிறந்ததும் இங்கேதான் என்றால்கூட, காகிதப்படி அவர் வெளிநாட்டவர். எதிர் சீட்டில் ஆரம்பாக்கம் போகிற அம்மா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றுவதும் இல்லை.

நாக்கு ஒன்று சொல்கிறது. காகிதம் வேறொன்று சொல்கிறது. கம்பெனி கேட்டில் கூலி மூன்றாவதாக ஒன்று சொல்கிறது. கும்மிடிப்பூண்டியில் இந்த மூன்றும் ஒத்துப் போவதே இல்லை!

தலைக்கு இவ்வளவு வாடகை

ஸ்டேஷனை விட்டு இறங்கி பஜார் பக்கம் வந்தால், காலம் எப்படி மாறியது என்று கடைகளே சொல்லும்.

மளிகைக்கடையில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் கடுகெண்ணெய். கோதுமை மாவு மூட்டை மூட்டையாக. செல்போன் கடையில் ரீசார்ஜோடு ஊருக்குப் பணம் அனுப்பும் வசதி. பானிபூரி வண்டிக்காரர் தமிழில் “காரம் போடவா?” என்று கேட்கிறார். கடைக்கார அண்ணாச்சி இந்தியில் “கித்னா?” என்கிறார். தேசியக் கட்சியும் திராவிடக் கட்சியும் அறுபது வருஷமாக மேடை போட்டுப் பேசியும் தீராத மொழிச் சண்டையை, அரை கிலோ உருளைக்கிழங்கு தீர்த்து வைத்து விட்டது.

வியாபாரத்தில் இப்படி. வீட்டு வாடகையில் எப்படி?

சிப்காட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் ‘குடும்பத்துக்கு மட்டும்’ என்று எழுதிப் போட்ட வீடுகள் உண்டு. அதற்கு நாலு வீடு தள்ளி, ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். வாடகை அறைக்கு இல்லை, தலைக்கு இவ்வளவு என்று வசூல். இரவு ஷிப்டுக்காரன் எழுந்து போனதும் பகல் ஷிப்டுக்காரன் அதே பாயில் படுப்பான். ஒரு குடும்பத்துக்கு விட்டால் வருவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. “இந்திக்காரப் பசங்க தெருவையே நாறடிக்கிறாங்க” என்று டீக்கடையில் குறைப்படுகிறவரே, மாதம் பிறந்ததும் அந்தத் தலைகளை எண்ணி வாங்குகிறவராகவும் இருப்பார். பத்துப் பேருக்கு ஒரு கக்கூசு கட்டிக் கொடுத்து விட்டு ‘நாறுகிறது’ என்றால் யார் மேல் குற்றம்?

வசவுச் சொற்களுக்கும் குறைவில்லை. ‘வடக்கன்’ என்பது சாதாரணமாகி விட்டது. ‘பான்பராக் வாயன்’ என்பது இன்னொன்று. குட்கா, பான்மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013–ம் ஆண்டிலேயே தடை வந்து விட்டது. தடைக்குப் பிறகும் அதைப் பதுக்கி விற்கிற கடைக்காரரை யாரும் அப்படித் திட்டுவதில்லை!

பீகார், ஒடிசா, ஜார்கண்டு, அசாம், மேற்கு வங்காளம்... எல்லாம் ஒரே பெயரில் ‘இந்திக்காரன்’. ஒடிசாக்காரர் பேசுவது ஒடியா. அசாம்காரர் பேசுவது அசாமியா. வீட்டில் இந்தி பேசாதவர்களே இதில் பாதிப் பேர் இருப்பார்கள். தமிழன், தெலுங்கன், மலையாளி எல்லோரையும் சேர்த்து ‘மதராசி’ என்று வடக்கே ஒரே மூட்டையாகக் கட்டியபோது நமக்கு எப்படி எரிந்தது!

அந்த எரிச்சல் வெறும் பெயரோடு நின்றதா? 1966–ம் ஆண்டு பம்பாயில் சிவசேனா தொடங்கியபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்தான். ஆபீசில் டைப் அடித்த குமாஸ்தாவும், ஓட்டல் வைத்த உடுப்பிக்காரரும், தாராவித் தமிழரும் அன்று கேட்ட வசனம், “எங்கள் பிழைப்பைப் பறிக்க வந்தவர்கள்” என்பது. ஊரும் முகமும் மாறியிருக்கிறது. வசனம் அப்படியேதான் இருக்கிறது.

பிழைப்பைப் பறித்தது யார்?

‘பிழைப்பு போச்சு’ என்கிற குறையைத் தள்ளிவிடவும் முடியாது. அதில் உண்மை இருக்கிறது.

சிப்காட் நிறுவனம் 1971–ம் ஆண்டு உருவானது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்தபோது சுற்றியுள்ள கிராமத்துக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. நிலம் போனாலும் வேலை வரும் என்ற நம்பிக்கை. இரும்புக் கம்பி உருட்டும் ரோலிங் மில்கள், உலைகள், பேட்டரி ஈயம் உருக்கும் கூடங்கள் எல்லாம் வந்தன. புகையும் வந்தது. ஆரம்பத்தில் வேலையும் வந்தது. பிறகு காண்டிராக்டர் வந்தார்.

கம்பெனி நேராக ஆள் எடுப்பது குறைந்தது. காண்டிராக்டர் கொண்டு வந்து விடுகிற ஆள், பன்னிரண்டு மணி நேரம் நிற்பான். தீபாவளி, பொங்கல் என்று லீவு கேட்க மாட்டான். கொடுத்ததை வாங்கிக் கொள்வான். சங்கம் என்றால் என்னவென்று கேட்பான். உள்ளூர்ப் பையன் கேட்டில் வந்து நின்றால் ‘ஆள் இல்லை’ என்ற பதில்.

உலை முன்னால் நின்று பாருங்கள். கொதிக்கிற இரும்பு கையெட்டும் தூரத்தில் பாம்பு மாதிரி ஓடும். ‘நம்ம பசங்க இந்த வேலைக்கு வர மாட்டாங்க சார்’ என்று முதலாளிகள் சொல்வது வழக்கம். எந்தக் கூலிக்கு வர மாட்டார்கள் என்று மட்டும் சொல்வதில்லை!

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் போகவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கென்று 1979–ம் ஆண்டே தனிச்சட்டம் வந்து விட்டது. ஐந்து பேரோ, அதற்கு மேலோ கொண்டு வரும் காண்டிராக்டர் லைசென்சு எடுக்க வேண்டும். ஊரை விட்டு வந்ததற்குத் தனிப்படி தர வேண்டும். போக வரச் செலவு தர வேண்டும். முக்கியமான சங்கதி இதுதான்: அதே வேலை செய்யும் உள்ளூர் ஆளுக்கு என்ன கூலியோ, அந்தக் கூலியையே வெளிமாநில ஆளுக்கும் தர வேண்டும். 2025 நவம்பர் 21–ந்தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து அந்தச் சட்டத்தின் இடத்தைப் பிடிக்கும் வரை, நாற்பது வருஷத்துக்கு மேல் அது புத்தகத்தில் இருந்தது.

அந்த ஒரு விதி கேட்டுக்குக் கேட்டு நடந்திருந்தால், மலிவு ஆளைத் தேடி ஆயிரத்து ஐநூறு கிலோ மீட்டர் போக வேண்டிய அவசியம் எந்தக் காண்டிராக்டருக்கும் இருந்திருக்காது. கோபம் போய் விழ வேண்டிய வாசல் அது. விழுவதோ ரெயில் வாசலில் குந்தியிருப்பவன் தலையில்.

கூலி வரிசையில் இன்னும் கீழே ஒரு படி உண்டு. செங்கல் சூளை. மேற்கு ஒடிசாவில் இருந்து முன்பணம் வாங்கிக் கொண்டு குடும்பம் குடும்பமாகத் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளுக்கு வருகிறார்கள். வாங்கிய பணம் கழியும் வரை வெளியே போக முடியாமல் கொத்தடிமையாக இருந்தவர்களை அதிகாரிகள் பலமுறை மீட்டிருக்கிறார்கள். இதே மாவட்டத்தில் அரிசி ஆலையிலும் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் மீட்கப்பட்ட இன்னொரு கூட்டம் இருளர்கள். இந்த மண்ணின் ஆதி ஜனங்கள். வடக்கே இருந்து வந்தவருக்கும், யாருக்கும் முன்னால் இங்கே இருந்தவருக்கும் சூளையில் ஒரே கணக்கு நோட்டு!

வதந்தி கிளப்பிய ஓட்டம்

2023 மார்ச் மாதம். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று செல்போனுக்குச் செல்போன் வீடியோ பறந்தது. வேறு ஊரில், வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளை எடுத்து ஒட்டிய படங்கள் அவை. பீகார் சட்டசபையில் அமளி. அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திரபாபு ‘பொய்’ என்று விளக்கம் கொடுத்தார். பீகாரில் இருந்து அதிகாரிகள் குழு வந்து தொழிலாளர்களைப் பார்த்துப் பேசி விட்டுப் போனது. முதல்–அமைச்சர் மு.க.ஸ்டாலின் பீகார் முதல்–மந்திரி நிதிஷ்குமாரிடம் போனில் பேசினார். பொய்யைப் பரப்பியவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன.

அது ஹோலிப் பண்டிகை நேரம். வழக்கமாகவே ஊருக்குப் போகிற கூட்டம் சென்டிரலில் நிரம்பியிருந்தது. அந்தக் கூட்டத்தையே படம் பிடித்து ‘ஓடுகிறார்கள் பார்’ என்று போட்டதும், நிஜமாகவே பலர் மூட்டை கட்டினார்கள்.

இது முதல் தடவையும் இல்லை. 2012 ஆகஸ்டில் அசாம் கலவரத்தைத் தொடர்ந்து எஸ்.எம்.எஸ். வதந்தி கிளம்பி, பெங்களூரில் இருந்தும் சென்னையில் இருந்தும் வடகிழக்கு மாநிலத்தவர்கள் ரெயில் ரெயிலாகக் கிளம்பினார்கள். ஓட்டல் வாசலில் நின்று சலாம் வைத்தவர்கள், பியூட்டி பார்லரில் வேலை பார்த்த பெண்கள் என ஒரே வாரத்தில் காலி. மத்திய அரசு மொத்த எஸ்.எம்.எஸ்.சுக்கே தடை போட்டது.

கையில் ஒரு செய்தி வந்ததும் ஒருவன் வேலையை, சம்பளப் பாக்கியை எல்லாம் விட்டு விட்டு ஓடுகிறான் என்றால், அந்தச் செய்தி பொய்யாக இருக்கலாம். அவனுக்குள் இருந்த பயம் பொய் இல்லையே! தினமும் ‘வடக்கன்’ என்று கேட்டுக் கேட்டுச் சேர்ந்த பயம் அது.

கவரைப்பேட்டையில் அந்த ராத்திரி

இதே கும்மிடிப்பூண்டி லைனில் இன்னொரு சம்பவமும் நடந்திருக்கிறது.

2024 அக்டோபர் 11–ந்தேதி. ஆயுத பூஜை. சிப்காட்டில் மிஷினுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி பொட்டலத்தோடு எல்லோரும் வீட்டுக்குப் போய் விட்டார்கள். இரவு சுமார் எட்டரை மணி. மைசூரில் இருந்து பீகாரில் உள்ள தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ், பொன்னேரியைத் தாண்டி கவரைப்பேட்டையை நெருங்குகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள். பண்டிகைக்கு ஊர் போகிற கூலிக்காரர்கள் நிறைய பேர்.

நேர் பாதையில் போக வேண்டிய வண்டி பக்கத்துப் பாதையில் திரும்பியது. அங்கே சரக்கு ரெயில் ஒன்று நின்று கொண்டிருந்தது. பயங்கரச் சத்தம். பெட்டிகள் தடம் புரண்டு ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்தன. பார்சல் பெட்டியில் தீ!

போலீசும் மீட்புப் படையும் வருவதற்கு முன்னால் ஓடி வந்தவர்கள் கவரைப்பேட்டைக்காரர்கள். இருட்டில் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக் கொண்டு, சாய்ந்த பெட்டிகளில் இருந்து ஆட்களை இறக்கினார்கள். அடிபட்டவர்கள் சுமார் இருபது பேர். உயிர்ச்சேதம் ஒன்று கூட இல்லை. அந்த வேகத்துக்கு அது அதிசயம்தான்.

பயணிகள் கல்யாண மண்டபத்தில் தங்க வைக்கப்பட்டார்கள். சாப்பாடு, தண்ணீர் வந்தது. அங்கிருந்து பஸ்களில் சென்டிரலுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, விடிவதற்குள் தனி ரெயிலில் தர்பங்காவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்த இரவில் பெட்டிக்குள் கையை நீட்டியவர்களுக்கு இந்தி தெரியாது. பெட்டிக்குள் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. அடுத்த நாள் விஜயதசமி முடிந்து மில் திறந்ததும் அதே கவரைப்பேட்டையில் ‘இந்திக்காரனால பிழைப்பு போச்சு’ என்ற பேச்சும் தொடர்ந்திருக்கும். இரண்டும் ஒரே ஊர்தான். மனுஷன் அப்படித்தான் இருக்கிறான்.

அரிவாளும் செல்போனும்

நல்லதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கதையாகி விடும். 2025 டிசம்பர் கடைசியில், மாவட்டத்தின் மேற்குக் கோடியில் திருத்தணி லைனில் நடந்தது மாநிலத்தையே பதற வைத்தது.

சென்னையில் இருந்து போன மின்சார ரெயிலில் வடமாநிலத் தொழிலாளி ஒருவர். அதே பெட்டியில் பதினேழு வயதுப் பையன்கள் நான்கு பேர். கையில் அரிவாள், இன்னொரு கையில் செல்போன். அவரை மிரட்டி ‘ரீல்ஸ்’ எடுத்தார்கள். திருத்தணியில் ஒதுக்குப்புறத்துக்கு இழுத்துப் போய் வெட்டினார்கள். அதையும் படம் எடுத்துப் போட்டார்கள். நான்கு பேரும் பிடிபட்டனர். வடமாநிலத்தவர் என்பதற்காக நடந்த தாக்குதல் அல்ல என்று போலீஸ் தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது.

இருக்கலாம். மனதில் என்ன இருந்தது என்று அந்தப் பையன்களுக்கே தெரியுமோ, என்னவோ. ஆனால் ஒரு பெட்டி நிறைய ஜனம் இருக்கும் ரெயிலில், யாரைத் தொட்டால் கேட்க ஆள் இருக்காது என்பது பதினேழு வயதில் தெரிந்திருக்கிறது. அதுதான் பகீர் என்கிறது.

அதற்குச் சுமார் நாலு மாதம் முன்பு, 2025 செப்டம்பர் தொடக்கத்தில் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், உத்தரபிரதேசத் தொழிலாளி ஒருவர் தங்குமிடத்தில் தவறி விழுந்து இறந்தார். நஷ்ட ஈடு கேட்டுத் திரண்ட தொழிலாளர்கள் போலீசார் மீது கல் வீசும் அளவுக்குப் போய், கண்ணீர்ப் புகை வீசப்பட்டது. ‘இங்கே வந்து நம்ம போலீசையே அடிக்கிறான்’ என்று பஜாரில் பேசிக் கொண்டார்கள். செத்தவன் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்று கேட்டவர்கள் குறைவு.

கோடு போட்ட கதை

‘நம்ம மண், நம்ம எல்லை’ என்று பேசும்போது கும்மிடிப்பூண்டிக்காரர்கள் கொஞ்சம் நிதானமாகத்தான் பேசுவார்கள். காரணம் இருக்கிறது. எல்லை எப்படிப் போடப்பட்டது என்று பார்த்த ஜனங்கள் அவர்கள்.

1953 அக்டோபர் 1–ந்தேதி ஆந்திரா தனி மாநிலம் ஆனது. திருத்தணி அங்கே போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம், சிறை, மறியல் எல்லாம் நடந்தது. படாஸ்கர் தலைமையில் சமரசம் பேசி, 1960 ஏப்ரல் 1–ந்தேதி திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அதற்குப் பதிலாகப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களில் இருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. சத்தியவேடு பக்கம் அப்படிப் போனதுதான்.

மார்ச் 31 ராத்திரி ஒரு மாநிலத்தில் படுத்தவர் காலையில் வேறு மாநிலத்தில் எழுந்தார். மாமனார் வீடு அந்தப் பக்கம், கழனி இந்தப் பக்கம். இன்றும் ஆரம்பாக்கம், எளாவூர் பக்கம் ஒரே வீட்டில் பாட்டி தெலுங்கு, பேரன் தமிழ். சம்பந்தம் பேசும்போது மாநிலம் குறுக்கே வருவதில்லை. சூளூர்பேட்டைக்கும் தடாவுக்கும் வேலைக்குப் போய் வருகிறார்கள். ஆந்திராக்காரர் இங்கே வருகிறார்.

தெலுங்கு அந்நியமாகப் படாததற்கு மொழிப்பற்று குறைந்தது காரணம் இல்லை. சேர்ந்து வாழ்ந்த காலம் நீளம். இப்போது குடும்பத்தோடு வந்து தங்கிவிட்ட பீகார், ஒடிசாப் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கூடத்தில் ‘அ, ஆ’ எழுதுகிறார்கள். அம்மாவுக்கு மருந்துக்கடையில் மொழிபெயர்ப்பாளர் அந்த ஏழு வயதுப் பிள்ளைதான்.

‘ஓம்’ என்று சொல்லும் ஊர்

இனி அந்தப் பெயிண்டர் கதைக்கு வருவோம்.

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் பெத்திக்குப்பம். அங்கே இருப்பது தமிழ்நாட்டின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்று. இன்னொரு முகாம் புழல் காவாங்கரையில் இருக்கிறது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள் முதல் அலை. 1990–ல் போர் மறுபடி மூண்டபோது வந்தவர்கள் அடுத்த அலை. அந்த வருஷம்தான் கும்மிடிப்பூண்டி முகாம் வந்தது. தலைமன்னார்ப் பக்கம் இருந்து இருட்டில் படகு. ராமேசுவரம் கரை. மண்டபம் முகாமில் பதிவு. அங்கிருந்து மாநிலத்தின் ஒவ்வொரு மூலைக்கும் பிரித்து அனுப்பினார்கள். தெற்குக் கடலோரம் இறங்கியவர்களில் ஒரு பகுதி, மாநிலத்தின் வடக்கு நுனிக்கு வந்து சேர்ந்தது. தடுப்பு வைத்துப் பிரித்த சின்ன அறைகள். ‘ரெண்டு மூணு மாசம்’ என்று நினைத்து வந்தவர்கள். முப்பத்தைந்து வருஷம் ஓடி விட்டது!

வந்த புதிதில் ஊரே திரண்டு உதவியது. அரிசி, பழந்துணி, பாய் என்று கொண்டு போய்க் கொடுத்தார்கள். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ்காந்தி கொல்லப்பட்டார். மறுநாளில் இருந்து காற்று மாறியது. முகாமுக்குக் காவல். வெளியே போனால் நேரத்துக்குத் திரும்ப வேண்டும். கணக்கெடுப்பு நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். ‘தொப்புள்கொடி உறவு’ என்று மேடையில் சொன்ன வாயே, வீடு வாடகைக்குக் கேட்டால் ‘சிலோன்காரங்களா? போலீஸ் தொந்தரவு வரும்’ என்றது.

தமிழ் பேசியும் வாடகை கிடைக்கவில்லை. இந்தி பேசுகிறவனுக்கு அதே தெருவில் தலைக்கணக்கில் கிடைக்கிறது. கவனித்தீர்களா?

முகாம் ஆண்கள் பெரும்பாலும் பெயிண்டிங் வேலைக்குப் போனார்கள். காகிதம் கேட்காத வேலை அது. ஏணி, பிரஷ், நாள் கூலி. சென்னையில் எத்தனையோ அடுக்குமாடி வீடுகளுக்கு வண்ணம் பூசியது இவர்கள் கை. படித்த பிள்ளைகளும் இதற்கே வந்ததுதான் வேதனை. எஞ்சினீயரிங் முடித்து விட்டு, கம்பெனி இன்டர்வியூவில் தேறி, பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டதும் திரும்பி வந்து அப்பாவோடு ஏணி பிடித்தவர்கள் முகாம்களில் உண்டு.

பிள்ளைகளுக்கு இரண்டு நாக்கு. பள்ளிக்கூடத்தில் “இன்னாடா, எங்க போற?” வீட்டுக்குள் நுழைந்ததும் “அம்மா, பசிக்குது, பிட்டு இருக்கோ?” பள்ளியில் ‘ஓம்’ என்று வாய் தவறி விட்டால் கிண்டல். அதனால் ‘ஆமா’ என்று மாற்றிக் கொள்கிறார்கள். வீட்டில் ‘ஆமா’ என்றால் கிழவிக்குக் கோபம். சொதியும் சம்பலும் பாட்டியோடு நின்று விடுமோ என்ற கவலை அவளுக்கு. மெட்ராஸ் தமிழ் பேசத் தெரிந்த பிள்ளையை ரெயிலில் யாரும் ‘மலையாளமா’ என்று கேட்பதில்லை. அந்த ஒரு சவுகரியத்துக்கு அவர்கள் கொடுக்கிற விலை அது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. மாநிலம் முழுவதும் முகாம்களில் இருந்த சுமார் 58 ஆயிரம் பேருக்காக 7 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைப் புதிதாகக் கட்டும் திட்டம். மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய் ஆனது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. பெயர் மாறியதில் பலருக்கு உண்மையிலேயே சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் ‘அகதி’ என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

தேதியில் சிக்கிய ஜனங்கள்

வீடு வந்தது. குடியுரிமை?

2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை. இங்கே பிறந்தால் போதாதா என்றால், அதற்கும் தேதி உண்டு. 1987 ஜூலை 1–ந்தேதிக்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் குடியுரிமை. அந்தத் தேதியில் இருந்து, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3–ந்தேதியில் இருந்து இன்னும் இறுக்கம். ஒருவர் இந்தியர் என்றால், மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது.

1986–ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், இந்த முதல் விதியைப் பிடித்துக் கொண்டு ஐகோர்ட்டு மதுரைக் கிளைக்குப் போனார். 2022–ல் அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவு. 2024 ஏப்ரல் 19–ந்தேதி நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முதலாக ஓட்டுப் போட்டார். எல்லா முகாம்களிலும் அந்தப் படம் கைக்குக் கை போயிற்று.

கும்மிடிப்பூண்டி முகாமில் அதே படத்தைப் பார்த்தவர்கள் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருப்பார்கள். முகாம் வந்ததே 1990–ல். கதவு மூடியது 1987–ல். இங்கே பிறந்த ஒரு குழந்தை கூட அந்தத் தேதிக்கு உள்ளே வராது!

2025 மே மாதம் வேறொரு இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகத்து அகதிகளை எல்லாம் தங்க வைக்க இந்தியா என்ன சத்திரமா என்ற கருத்து சுப்ரீம் கோர்ட்டில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு ஒரு சலுகை கொடுத்தது. 2015 ஜனவரி 9–ந்தேதி வரை வந்து பதிவு செய்து கொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். பெரிய நிம்மதிதான். இருக்கலாம், துரத்த மாட்டோம் என்கிற அளவுக்கு நிம்மதி. குடிமகன் என்ற சொல் அந்த உத்தரவில் கிடையாது.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. தெருத் தெருவாகப் படிவம் வந்தது. ‘வடநாட்டுக்காரனுக்கு எல்லாம் இங்கே ஓட்டு வந்து விடுமோ’ என்று பஜாரில் பெரிய வாக்குவாதம். வழக்கமாக இங்கேயே குடியிருக்கிறவர் என்றால் பீகார்க்காரருக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. சட்டம் அப்படி.

பெத்திக்குப்பம் முகாமைப் பற்றி அந்த வாக்குவாதத்தில் யாரும் பேசவில்லை. அங்கே படிவமும் போகவில்லை.